குளிசை, வயிறு, சிகரெட்: மூன்றையும் ஒரே கொப்பியில் எழுதுங்கள்

பங்குனியில் காலபோக நெல் நிறுத்துக்கொண்டிருந்தபோது, மூட்டை வைக்கும் தராசில் சும்மா ஏறி நின்றேன். 71 என்று காட்டியது. மனச்சோர்வுக்குக் குளிசை தொடங்கிய ஆவணியில் கிளினிக்கில் நிறை பார்த்தபோது 63. ஏழு மாதத்தில் எட்டுக் கிலோ. பக்கத்தில் நின்ற மில்காரர், "அண்ணை, இப்பதான் ஆள் மாதிரி இருக்கிறியள்" என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கோ அன்றிரவே குளிசையைத் தூக்கிப் போட அது போதுமாக இருந்தது.

மூன்றாம் நாள் நித்திரை போய்விட்டது. வாந்தி வருவதுபோல் வயிற்றைப் பிரட்டியது. விடியப்புறம் வியர்வையில் பாய் நனைந்தது. பழைய நோய் திரும்பிவிட்டதாக நினைத்து, எட்டுச் சிகரெட் குடித்த நான் பதினைந்துக்குப் போனேன். அடுத்த கிழமை கிளினிக்கில் மிஸ்ஸி என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்: "குளிசை விட்டனீங்களோ தம்பி?" ஓம் என்றேன். "வண்டி வைக்குதெண்டுதானே விட்டனீங்கள்? அதை எங்களிட்டச் சொல்லியிருந்தா மருந்தை மாத்தித் தந்திருப்பமே."

எனக்கு அது தோன்றவே இல்லை. உடம்பு வைப்பதைக் கதைத்தால் நன்றியில்லாதவன் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். சிகரெட்டைப் பற்றிக் கேட்டால் ஏச்சு விழும் என்று "இப்ப குறைச்சிட்டன்" என்றே சொல்லி வந்தேன். கிளினிக் கொப்பியில் மருந்தின் பெயர் மட்டும் இருந்தது. குளிசையும் நிறையும் புகையும் ஒன்றையொன்று இழுப்பவை. ஒன்றை மறைத்தால் மற்ற இரண்டுக்கும் சரியான வைத்தியம் கிடைக்காது. நான் மருத்துவன் இல்லை. மருந்து குடித்தவன், பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தவன், டொக்டரைக் கேள்வி கேட்டுக் களைக்க வைத்தவன். கீழே உள்ளது அந்த வரிசையில் வந்தது.

படி 1: முதல் நாளே அளந்து வையுங்கள்

குளிசை தொடங்கும் நாளில், முடியாவிட்டால் இன்றைக்கே, நிறையையும் இடுப்புச் சுற்றளவையும் ஒரு நாளில் குடிக்கும் சிகரெட் எண்ணிக்கையையும் எழுதுங்கள். தையல்காரரின் நாடா போதும். தொப்புள் மட்டத்தில், மூச்சை இழுக்காமல் அளவெடுங்கள். எங்கள் பக்கத்து உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை. அதற்கு மேல் போனால் சீனி வருத்தமும் இருதய வருத்தமும் வரும் வாய்ப்பு கூடும். உயரத்துக்கு நிறை சரியா என்று பார்க்கும் உடல் நிறைச் சுட்டெண்ணிலும் ஆசியர்களுக்கு 23இலேயே கவனம் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

ஒரே தராசு, ஒரே நேரம், காலையில் சாப்பிட முன். வீட்டில் தராசு இல்லாவிட்டால் மில் தராசு, பார்மசித் தராசு எதுவானாலும் சரி, ஆனால் மாற்றி மாற்றி ஏறாதீர்கள். மாதத்தில் இரண்டு தரம் போதும். தினம் ஏறி இறங்கினால் மனந்தான் கெடும்.

பொய்க்கால் போடுபவர்கள் ஒவ்வொரு முறையும் காலோடு அல்லது ஒவ்வொரு முறையும் கால் இல்லாமல் நிறுக்க வேண்டும். போரில் கால் இழந்தவர்கள் வாழும் வன்னியில் இதைச் சொல்லாமல் விட முடியாது. நிறை ஏறினால் அவர்களுக்குப் புதுச் சட்டை வாங்குவதோடு முடியாது. காலின் குழி இறுகும், தோல் உரசிப் புண்ணாகும், கடைசியில் காலைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு நடையையே நிறுத்திவிடுவார்கள். நடை நின்றால் நிறை இன்னும் ஏறும். அதனால் மற்றவர்கள் மூன்று கிலோவில் யோசிப்பதை இவர்கள் இரண்டிலேயே கிளினிக்கில் சொல்லவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

படி 2: பைக்கற்றில் உள்ள பெயரைப் படியுங்கள்

"மனசுக்குக் குடிக்கிற குளிசை" என்று ஒன்று இல்லை. பல குடும்பம். நிறையில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி.

அமிட்ரிப்டிலின் பழைய குடும்பம். நித்திரையைக் கொடுக்கும், பசியையும் கொடுக்கும். பசியை அடக்கும் சில வாசல்களை மூளையில் அது மறிப்பதால், சாப்பிட்டு முடித்து அரை மணித்தியாலத்தில் திரும்பவும் வாய் தேடும். குறிப்பாக இனிப்பு. எனக்குத் தந்தது இதுதான், இரவில் 75 மில்லிகிராம். இங்கே நிறையப் பேர் மனச்சோர்வே இல்லாமல் இதைக் குடிக்கிறார்கள்: போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு நரம்பில் தங்கியவர்கள், இல்லாத கால் வலிப்பவர்கள், தலையிடிக்காரர். நரம்பு வலிக்கு இது நல்ல மருந்து, அளவும் 10, 25 என்று குறைவாகவே தொடங்கும். அளவு குறைந்தால் நிறை ஏறுவதும் குறையும். ஆனால் "எனக்கு விசர் எண்டு நினைச்சோ இதைத் தந்தவை?" என்று கோபித்து ஒருவர் பைக்கற்றைக் கிணற்றடியில் எறிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதை அவருக்குத் தந்தது வலிக்காக.

மிர்ட்டாசபின் நிறை ஏற்றுவதில் முதல் வரிசை. ஆனால் சாப்பாடே இறங்காமல் எலும்பும் தோலுமாகிப்போன ஒரு வயதான அம்மாவுக்கு டொக்டர் அதை வேண்டுமென்றே தெரிவு செய்யலாம்.

ஃபுளுவொக்செட்டின், சேர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம், பரொக்செட்டின் எல்லாம் ஒரு குடும்பம். இதில் பரொக்செட்டின் நிறையைச் சற்றுக் கூடுதலாக ஏற்றும். ஃபுளுவொக்செட்டின் முதல் மாதங்களில் பசியைக் கொஞ்சம் குறைக்கும். அந்தக் குறைவு நெடுநாள் நிற்பதில்லை. சேர்ட்ரலினுக்கும் எஸ்சிட்டலோப்ராமுக்கும் இடையில் ஆறு மாதத்தில் வரும் சராசரி வித்தியாசம் அரைக் கிலோ அளவுதான். ஆகவே ஊரில் ஒருவர் "அது குடிச்சா ஊதிப்போவாய்" என்றால், எது என்று கேளுங்கள்.

புப்ரோபியோன் தனி ரகம். பொதுவாக நிறையை ஏற்றாது, கொஞ்சம் குறைக்கவும் செய்யும். சிகரெட் விடவும் உதவும். அதன் கதை ஐந்தாம் படியில்.

இன்னொன்றும் இருக்கிறது. மனச்சோர்வில் பலருக்குச் சாப்பாடு இறங்காது. குளிசை வேலை செய்யத் தொடங்கியதும் பசி திரும்பும், போன நிறை திரும்ப வரும். நான் ஏறிய எட்டில் மூன்று, நோய் தின்ற கிலோதான் என்று டொக்டர் பழைய கொப்பியைப் புரட்டிக் காட்டினார். நோய்க்கு முன் நான் 66. ஆக, குளிசையின் கணக்கில் ஐந்துதான். அந்தக் கணக்கு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

படி 3: முதல் ஆறு கிழமை

குளிசை குடித்த மறுநாள் மனம் வெளிக்காது. இரண்டு முதல் நான்கு கிழமை செல்லும், முழுப் பலனுக்கு இன்னும் கூட. ஆனால் பக்க விளைவுகள் முதல் நாளே வரும்: வாய் வறட்சி, வயிற்றுப் பிரட்டு, தலை பாரம். பலன் பின்னால் வர, தொல்லை முன்னால் வருவதால்தான் ஆட்கள் இரண்டாம் கிழமையில் விடுகிறார்கள். வயிற்றுப் பிரட்டுக்குச் சாப்பாட்டோடு எடுங்கள். வாய் வறட்சிக்குத் தண்ணீர் குடியுங்கள். சோடாவும் நெக்டோவும் வேண்டாம், அங்கேதான் நிறை ஏறத் தொடங்குகிறது.

25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் வீட்டில் இருந்தால், முதல் கிழமைகளில் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சிலருக்கு அந்தக் காலத்தில் பதற்றமும் சாகும் எண்ணமும் கூடக்கூடும். அப்படி ஏதும் தெரிந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926. அவசரம் என்றால் 1990 அம்புலன்ஸ். குளிசைப் பைக்கற்றை வீட்டில் இன்னொருவர் வைத்திருந்து நாளுக்கு நாள் எடுத்துக் கொடுப்பது நல்லது.

நோவுக்கு டைக்குளோபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் உள்ளவர்கள் டொக்டரிடம் சொல்லுங்கள். ஃபுளுவொக்செட்டின் குடும்பத்தோடு சேரும்போது வயிற்றில் இரத்தம் கசியும் வாய்ப்பு கூடுகிறது. நோவுக்கு ட்ரமடோல் போடுபவர்களும் சொல்லுங்கள், அது வேறு விதமான ஆபத்து.

சிகரெட்டைப் பற்றி இந்த ஆறு கிழமையில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: எண்ணி எழுதுவது. பெட்டியாக வாங்காமல் கடையில் ஒற்றை ஒற்றையாக வாங்குகிறவனுக்குத் தான் எத்தனை குடிக்கிறான் என்று உண்மையிலேயே தெரியாது. எனக்கும் தெரியாது. "ஒரு ஐஞ்சு" என்று நினைத்தேன், எழுதியபோது எட்டு.

படி 4: நிறை ஏறினால்

தொடக்க நிறையில் நூற்றுக்கு 5 என்பதைக் கோடாக வையுங்கள். 60 கிலோ ஆளுக்கு அது 3 கிலோ. முதல் மாதத்திலேயே அது தாண்டினால் மேலும் ஏறும் என்று எதிர்பார்க்கலாம், உடனே சொல்லுங்கள். டொக்டர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், சீனியும் கொலஸ்ட்ரோலும் பார்க்கச் சொல்லலாம். எனக்கு அமிட்ரிப்டிலினைப் படிப்படியாகக் குறைத்து சேர்ட்ரலினுக்கு மாற்றினார்கள். நித்திரை இரண்டு கிழமை குழம்பியது, பிறகு சரி.

சாப்பாட்டில் நான் செய்த ஒரேயொரு பெரிய மாற்றம் தேத்தண்ணீர். கணக்கைப் பாருங்கள்: ஒரு நாளைக்கு ஆறு பிளேன்ரீ, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. பதினெட்டுக் கரண்டி, கிட்டத்தட்ட 80 கிராம், 300 கலோரிக்கு மேல். ஒரு கோப்பை நிறைய அளந்த சோற்றை விடக் கூட, அதுவும் வயிறு நிரம்பாமல். சீனியை ஒரேயடியாக விடச் சொன்னால் யாரும் விடமாட்டார்கள். நான் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணீர் குடிக்கப் பழகினேன். ஒரு கோப்பைக்கு நகமளவு துண்டு. அதுவும் சீனிதான், ஆனால் அளவு கைக்குத் தெரிகிறது.

இரவுச் சோற்றைக் குறைத்து முருங்கையிலை, வல்லாரை, பருப்பைக் கூட்டுங்கள் என்பது எல்லாரும் சொல்லும் புத்திமதி, தப்பில்லை. அமிட்ரிப்டிலின், மிர்ட்டாசபின் குடிப்பவர்களுக்கு இரவுப் பசிதான் எதிரி. குளிசையைப் போட்டதும் படுக்கப் போய்விடுங்கள். பத்து மணிக்குக் குளிசை, பதினொன்றுக்குக் குசினி என்பதுதான் என் ஐந்து கிலோவின் வரலாறு.

வயல் வேலை செய்கிறவனுக்கு உடற்பயிற்சி வேண்டாம் என்று நினைத்தேன். விதைப்பும் அறுப்பும் மெஷினுக்குப் போனபிறகு வயல்காரனும் வரம்பில் நின்று ஃபோன் பார்ப்பவன்தான். அரை மணித்தியாலம் குளக்கட்டில் நடந்தால் நிறைக்கும் நல்லது, மனச்சோர்வுக்கும் நல்லது.

படி 5: சிகரெட்டுக்கு நாள் குறியுங்கள்

மனம் ஓரளவு நிலைப்பட்ட பிறகு நாள் குறியுங்கள். மருந்து மாற்றும் மாதத்திலும் விதைப்புக் கடன் நெரிக்கும் நாட்களிலும் வேண்டாம். ஆனால் "முழுக்கச் சுகமான பிறகு" என்று தள்ளிப்போட்டால் அந்த நாள் வராது.

சிகரெட் மனதை ஆற்றுகிறது என்று எல்லாரும் நம்புகிறோம். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பங்கருக்குள் ஒரு பீடியை நாலு பேர் பகிர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லி மறுப்பது கஷ்டம். நடப்பது இதுதான்: நிக்கோட்டினின் அளவு இரத்தத்தில் இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். அந்த இறக்கம் எரிச்சலாக, பதற்றமாக வரும். அடுத்த சிகரெட் தான் உண்டாக்கிய பதற்றத்தையே தீர்க்கிறது. விட்டுச் சில கிழமை தாண்டியவர்களுக்குப் பதற்றமும் சோர்வும் குறைவதையே ஆய்வுகள் காட்டுகின்றன, ஏற்கெனவே மனநோய் உள்ளவர்களிலும்.

எல்லா மனச்சோர்வு மருந்துகளும் சிகரெட்டை விட உதவுவதில்லை. ஃபுளுவொக்செட்டின், சேர்ட்ரலின் குடும்பத்தை அதற்காகப் பரிசோதித்துப் பார்த்தார்கள், பலனில்லை. உதவுவன புப்ரோபியோனும், அமிட்ரிப்டிலின் குடும்பத்து நோர்ட்ரிப்டிலினும். புப்ரோபியோன் அமெரிக்காவில் 1985இல் மனச்சோர்வு மருந்தாக அனுமதி பெற்று, வலிப்பு வந்ததால் திரும்பப் பெறப்பட்டு, 1989இல் குறைந்த அளவோடு மீண்டும் வந்தது. குடித்தவர்களுக்குச் சிகரெட் ஆசை குறைவதைக் கவனித்த பிறகு 1997இல் புகைத்தலை நிறுத்தும் மருந்தாகவும் அனுமதி கிடைத்தது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் அதையும், புகைத்தலை நிறுத்தும் இன்னொரு மருந்தான வரெனிக்லினையும் இந்தத் தேவைக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சிகரெட் விடும் நாளுக்கு ஒன்று, இரண்டு கிழமை முன்பே குடிக்கத் தொடங்க வேண்டும்.

இப்போது வன்னிக்காரர் காது கொடுக்க வேண்டிய இடம். வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியோன் கூடாது. தலையில் காயம் பட்டவர்கள், தலைக்குள் செல் துண்டோடு வாழ்கிறவர்கள், கசிப்பையோ சாராயத்தையோ நித்திரைக் குளிசையையோ திடீரென்று நிறுத்துகிறவர்கள் இதைக் கேட்கும் முன்பே அந்த விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். 2009இல் பட்ட காயம், ஆறி முடி முளைத்துவிட்டது, இப்போது எதற்குச் சொல்ல என்று நினைப்பீர்கள். சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டு போங்கள். அமிட்ரிப்டிலின் குடிப்பவர்களும் சொல்ல வேண்டும். புப்ரோபியோன் அதன் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும்.

நிக்கோட்டின் பிளாஸ்டரோ சுவிங்கமோ எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: எடுக்கலாம், பார்மசியில் முன்பே விசாரித்து வையுங்கள். எடுக்காமலும் விட்டவர்கள் உண்டு, நான் ஒருவன். என் வழி மட்டமானது: சிகரெட் வாங்கும் கடையால் போகாமல் பின் ஒழுங்கையால் சுற்றிப் போனேன். இரண்டு மாதம்.

படி 6: விட்ட முதல் பத்து நாள்

புகையில் இருக்கும் தார், ஈரலில் மருந்தை உடைக்கும் ஒரு நொதியை முறுக்கி விடுகிறது. நிக்கோட்டினுக்கு இதில் பங்கில்லை, புகைக்குத்தான். நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு சிகரெட்டே அதற்குப் போதும். அதனால் புகைப்பவருக்குச் சில மருந்துகள் வேகமாக உடைந்து போகும், டொக்டர் அதற்கேற்ப அளவைக் கூட்டியிருப்பார். நீங்கள் சிகரெட்டை விட்டதும் ஒரு கிழமைக்குள் அந்த முறுக்கு தளரும், அதே அளவு குளிசை இரத்தத்தில் கூடத் தொடங்கும். வீட்டில் மூத்தவர் ஒருவர் கடும் மனநோய்க்குத் தரும் குளோசபினோ ஒலான்சபினோ குடித்துக்கொண்டு சிகரெட்டையும் குடிப்பவரானால், கிளினிக்குக்குச் சொல்லாமல் விடவே கூடாது. அளவு ஏறி மயக்கம், அளவுக்கு மிஞ்சிய நித்திரை, வலிப்பு வரை போகலாம். வார்ட்டில் படுத்தால் புகைக்க முடியாது, ஆகவே அங்கேயும் இதுதான் நடக்கும். மனச்சோர்வுக்குத் தரும் டுலொக்செட்டின், தொய்வுக்குக் குடிக்கும் தியோபிலின், இரண்டும் இதே வகை. சேர்ட்ரலின், ஃபுளுவொக்செட்டினில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

வெற்றிலையோடு புகையிலை போடும் அம்மாமார் கேட்பார்கள். அதில் புகை இல்லை, ஈரல் முறுக்கு இல்லை. வாய்ப் புற்றுநோய் இருக்கிறது.

யாரும் சொல்லாத ஒன்று: கபேயினை உடைப்பதும் அதே நொதிதான். சிகரெட்டை விட்டபின் பழைய அளவில் தேத்தண்ணீர், கோப்பி குடித்தால் அது இரண்டு மடங்கு வேலை செய்யும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், இரவு முழுக்க விழிப்பு. "சிகரெட் விட்டதால வருத்தம் கூடிட்டுது" என்று நீங்கள் நினைப்பதில் பாதி அந்தத் தேத்தண்ணீர். பாதியாகக் குறையுங்கள். சீனியும் தானாகக் குறையும்.

பசி வரும். விட்டவர்களுக்கு ஒரு வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ ஏறுகிறது, பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். எனக்கு இரண்டரை. வாய்க்கு வேலை கேட்கும் நேரத்தில் பணிஸ் வாங்காமல் நெல்லிக்காய், கச்சான், கரட் துண்டு வைத்திருங்கள். கச்சானை எண்ணித்தான், கோன் கோனாக வேண்டாம். எரிச்சலும் சோர்வும் முதல் கிழமையில் உச்சத்துக்குப் போய் மூன்று, நான்கு கிழமையில் தணியும். அதற்கு மேலும் மனம் இருண்டே கிடந்தால் அது சிகரெட்டின் வேலை இல்லை, கிளினிக்குக்குப் போங்கள்.

படி 7: குளிசையை நிறுத்தும் நாள்

சுகமாக உணர்ந்தபின்பும் குறைந்தது ஆறு மாதம் தொடர்வது வழமை. முன்பும் வந்து போனவர்களுக்கு இன்னும் நீளும். நிறுத்துவது படியிறங்குவது போல, கிழமைக் கணக்கில். திடீரென்று நிறுத்தினால் பரொக்செட்டினும், இன்னொரு மனச்சோர்வு மருந்தான வென்லாஃபக்சினும் தலைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வைத் தரும். ஃபுளுவொக்செட்டின் உடம்பில் நீண்ட நாள் தங்குவதால் தொல்லை குறைவு. கிளினிக் நாளில் பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 வீதியில் பஸ் இல்லை, மழை, வயல் என்று போகாமல் விட்டாலும் குளிசை முடிந்து அதே கதிதான். பத்து நாள் குளிசை மிச்சம் இருக்கும்போதே அடுத்த போக்கைத் திட்டமிடுங்கள், அல்லது வீட்டார் ஒருவரிடம் கொப்பியைக் கொடுத்தனுப்ப முடியுமா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதுவது இப்படித்தான் இருக்கும். எண்பது பக்க ஸ்கூல் கொப்பி, மகளின் பழையது:

ஆவணி 20. நிறை 69. சிகரெட் 3. நாளைக்கு விடுற நாள்.
ஆவணி 24. சிகரெட் 0. மனுசியோடு இரண்டு தரம் சண்டை. பிளேன்ரீ 6, நித்திரை இல்லை.
ஆவணி 27. சிகரெட் 0. பிளேன்ரீ 3. நித்திரை வந்தது.
புரட்டாதி 15. நிறை 70.5. கல்யாண வீட்டில் சிகரெட் 1. மிஸ்ஸியிட்ட சொல்ல வேணும்.
ஐப்பசி 10. நிறை 71.5. சிகரெட் 0. விதைப்பு.
தை 12. நிறை 68. சிகரெட் 0. இடுப்பு 88. மில்காரர் "என்ன அண்ணை, மெலிஞ்சு போனியள், வருத்தமோ?" எண்டு கேட்டவர்.